தானேஸ்வரி அக்கோருக்கு ஓர் ஏற்புரை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. இரண்டு பக்க ஏற்புரையாகத்தான் பிறந்தது. எனக்கான ஏற்புரை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சம்பாவுக்கு யார் சால்வை போடப்போகிறார்கள்! நாளை சாயங்காலம் இங்கே, வடகர்நாடகத்து இண்டியில், தானேஸ்வரி ஹூகாருக்குப் பாராட்டு விழா. எல்லோரும் பாராட்டி முடித்ததும், பாராட்டு வாங்கியவர் எழுந்து நாலு வார்த்தை பதில் சொல்ல வேண்டும் என்பது இந்தப் பக்கத்து முறை. தானேஸ்வரி அக்கோருக்கு இரண்டு வருடமாகக் குரல் சரியில்லை. தைராய்டு அறுவைக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். மைக்கில் காற்றுதான் வரும். அதனால் அவர் பேச வேண்டிய இடத்திலெல்லாம் நான் எழுதி நான் படிக்கிறேன். "நான் தானேஸ்வரி ஹூகார்" என்று கூசாமல் ஆரம்பிப்பேன். ஜனங்களுக்கும் பழகிவிட்டது. என் வாயைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

(அக்கோரு என்றால் இந்த ஊரில் டீச்சரம்மா. கல்லூரி வேலையை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவரை வேறு பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை.)

விழாக் கமிட்டித் தலைவர் அங்கடி சாவ்கார், ஜவுளிக்கடைக்காரர், பத்து நாளாக என்னை விரட்டிக்கொண்டிருக்கிறார். "எழுதிட்டியா தாயி?" என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். இதோ:

இந்த எளியவளின் தோளில் நீங்கள் போர்த்திய சால்வை

(வேண்டாம். போர்த்திய சால்வையெல்லாம் எங்கள் விடுதியில் பிள்ளைகளுக்குப் போர்வையாக இருக்கிறது. மார்கழிக் குளிரில் ஜரிகை குத்துகிறது என்று புகார் வேறு.)

ஒரு கதாசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கிய நான்

(இதுவும் வேண்டாம். அது எப்போது முடிந்தது என்று யாராவது கேட்டுவைப்பார்கள்.)

நான் போகிறேன். இனி இந்த நாற்காலியில்

(இதை எழுதியதும் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டேன்.)

மூன்றாவதுதான் அவர் என்னை எழுதச் சொன்னது. என்னால் முடியவில்லை. முடியாததைத்தான் இங்கே தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இண்டியில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் என் வீட்டுக்காரர். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரத்துக்காக இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் படிக்கிற தமிழெல்லாம் சென்னை மண்டி அனுப்பும் விலை நிலவரம்தான். ஆகவே இந்த ஊரில் எதையாவது ஒளித்துவைக்க வேண்டுமென்றால் தமிழைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

2

அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே 'எழுத்தாளர், கல்வியாளர், தொண்டு நிறுவனத் தலைவர்' என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் ஒரே பெஞ்சில் ஒத்துமையாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். உள்ளே நடந்தது அப்படியில்லை. எழுத்தாளரை ஆசிரியர் சாப்பிட்டார். ஆசிரியரைத் தலைவர் சாப்பிட்டார். தலைவரை டெலிபோன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த டெலிபோனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பழைய தொலைபேசி, சுவரில் வயர் போட்டது. அதன் எண்தான் சுற்றுவட்டாரத்து ஊர்ச் சுவர்களில் எல்லாம் நீலச் சுண்ணாம்பில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளை எங்கள் விடுதியில் விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போன தாய் தகப்பன்மார் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதனால் மாற்ற முடியாது. வயரோ ரொம்பக் குட்டை. எட்டி எடுத்தால் கருவியே மேஜையிலிருந்து விழும். எடுக்கிறவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். அக்கோரு ஊரில் இருக்கும்வரை அதை வேறு யாரும் எடுப்பதில்லை.

அந்த விடுதியை நடத்துகிற நிறுவனத்தின் பெயர் ஜோளிகை; அதில் எழுத்து வேலை எனக்கு. சாமியார்கள் பிச்சைக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் துணிப்பை. ஆரம்பித்தபோது வேடிக்கையாக வைத்த பெயர், வேடிக்கை பலித்துவிட்டது.

கதாபாத்திரமாக இவரை நம்பவைப்பது கஷ்டம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நல்லவர்களை வைத்துக் கதை எழுதியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஆகவே குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. மந்திரியையே "இவரு, அந்த ரோடு போட்டவரு" என்றுதான் சொல்வார். பொசுக்கென்று கோபம் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோசமான வாக்கியத்தை அவரால் பொறுக்க முடியாது. ஒரு தடவை பெரிய உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதினோம். 'விளிம்புநிலைக் குழந்தைகளின் முழுமையான மேம்பாடு' என்று நான் எழுதியிருந்தேன். "எந்தப் புள்ளை இது, சம்பா? இதுக்கு மூக்கு ஒழுகுமா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு பத்தியைத் திருத்த உட்கார்ந்தார். அடித்தார், எழுதினார், மறுபடி அடித்தார். முடித்தபோது அந்தப் பத்தி கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. கடைசித் தேதி முந்தின நாளே போய்விட்டிருந்தது. அந்த வருடம் பிள்ளைகள் பருப்பில்லாத சாம்பாரோடு சோள ரொட்டி தின்றார்கள். அவரும் அதைத்தான் தின்றார், கோபத்தோடு.

3

இனி கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இதெல்லாம் அவரே வாய்விட்டுச் சொன்னது. இட்டு நிரப்பினது நான்.

அப்போது அவருக்கு முப்பது முடிந்து இரண்டு. விஜயபுரத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் கன்னட விரிவுரையாளர். முதல் சிறுகதைத் தொகுப்பு வந்து பரிசும் வாங்கியாகிவிட்டது. இண்டியில் தாலுகா இலக்கிய மாநாடு நடந்தபோது கூப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் செருகுகிற நேரத்தை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். எழுந்து கதை வாசித்தார்.

தசரா முடிந்து ஊரே டிராக்டர் ஏறிக் கரும்பு வெட்டப் போகிறது. பள்ளிக்கூடத்தை விட மனசில்லாத ஒரு சிறுமி ஒளிந்துகொள்கிறாள். ஒவ்வொருவரும் அவள் இன்னொரு டிராக்டரில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சாயங்காலம் அவள் வெளியே வந்து, பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்துக்கொண்டு தெரு நடுவில் நிற்பதோடு கதை முடியும்.

நல்ல கைதட்டல். முன்வரிசையில் இருந்த விமர்சகர் ஒருவர் எழுந்து, முடிவைத் திறந்தே விட்ட துணிச்சலைப் பாராட்டினார். தானேஸ்வரிக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கையைத் தூக்கினார். மாநாட்டுக்கு டீச் செலவை ஏற்றுக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர். பெயர் அங்கடி.

"கதை நல்லா இருந்துச்சு தாயி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தப் புள்ளை அன்னிக்கு ராத்திரி எங்க படுத்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். தானேஸ்வரியும் சிரித்தார்.

"அதை வாசகர்தான் யோசிக்கணும்ங்க."

"யோசிச்சுட்டுத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியல. எழுதினவங்களுக்குத் தெரியும்ல?"

அவருக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. அந்தப் பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டு அவர் விளக்கை அணைத்துப் படுத்துத் தூங்கியிருக்கிறார். முகம் சூடேறிவிட்டது. துணி கிழிக்கிற ஆளுக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும் என்று பஸ்ஸில் வழி பூராவும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார். வீட்டுக்குப் போயும் திட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் திரும்பி வந்து கடை வாசலில் நின்றார்.

"சாவ்கார்ரே, உங்க கோடவுனுக்குப் பின்பக்கம் காலியா இருக்காமே?"

"இருக்கு. எலிதான் இருக்கு."

"ஒரு சீசனுக்கு மட்டும் குடுங்க. கரும்புக்குப் போறவங்க புள்ளைங்க படுத்துக்கட்டும். சாப்பாட்டுக்கு நான் பாத்துக்கறேன்."

"ஒரு சீசன்தானே?"

"ஒரு சீசன்தான். எனக்குக் காலேஜ் இருக்கு, எழுத்து இருக்கு."

(ஒரு வாசகர் கேட்ட கேள்வி எழுத்தாளரின் வாழ்க்கையை இந்த அளவுக்குக் குட்டிச்சுவராக்கி நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. குட்டிச்சுவர் என்கிற வார்த்தையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அங்கே நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் படித்து ஆளாகியிருக்கிறார்கள். ஒருத்தி இப்போது இந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எடுக்க வேண்டாம், இருக்கட்டும். இரண்டும் உண்மை.)

அந்தக் கதைக்கு அப்புறம் அவர் எழுதியது மூன்றோ நாலோ கதை. பிறகு ஒன்றுமில்லை. எல்லாக் கதையிலும் கடைசிப் பத்தி வரும்போது அங்கடி கையைத் தூக்குவாராம்.

4

போன வாரம் அங்கடி சாவ்கார் ஆபீசுக்கு வந்தார். இப்போது எண்பதை நெருங்குகிறார். வெள்ளை வேட்டி, தலையில் காந்திக் குல்லாய், கையில் பேடா டப்பா. முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கோரே, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் நிக்க மாட்டேங்குது. மேடையில அறிவிக்கப் போறோம். ஆயுள் தலைவர்! உசிரு இருக்கற வரைக்கும் ஜோளிகைக்கு நீங்கதான் தலைவர். கமிட்டி மொத்தமும் கைதூக்கிருச்சு."

அக்கோரு பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"ஆயுள் தண்டனை குடுக்கற அளவுக்கு நான் என்ன சாவ்கார்ரே பண்ணிட்டேன்?"

சாவ்காருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "பாத்தியா தாயி! எழுத்தாளர்னா எழுத்தாளர்தான்!" என்றார்.

"நான் வேடிக்கைக்குச் சொல்லல. மூணு தடவை ராஜிநாமா எழுதிக் குடுத்தேனே, என்னாச்சு?"

"பசவண்ணர் படத்துக்கு முன்னாடி வெச்சுட்டேன். அவரு ஏத்துக்கலை."

"அவரு சொன்னாரா?"

"வேணாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சாவ்கார். கொஞ்ச நேரம் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் குரல் தணிந்துவிட்டது. "அக்கோரே, சனங்க உங்க மொகத்தைப் பாத்துத்தான் புள்ளையை விட்டுட்டுப் போறாங்க. நீங்க இல்லேன்னு தெரிஞ்சா மறுநாளே எல்லாத்தையும் டிராக்டர்ல ஏத்திருவாங்க. எனக்கு அந்த ஒண்ணுதான் பயம். வேற எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

அவரை வில்லனாக்கிவிட்டால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஒரு வரைவில் அவருக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனுஷன் நிஜமாகவே பயப்படுகிறார், அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. சால்வையும் மாலையும் பழக்கூடையுமாக வந்து அன்பால் ஆளைக் கட்டிப்போட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் போனபிறகு அக்கோரு பேடாவை என்னிடம் நீட்டினார்.

"சம்பா, நேர்ல சொன்னா சிரிக்கறாங்க. எழுதிக் குடுத்தா சாமிகிட்ட வெக்கறாங்க. மேடையில நாலு ஊரு சனத்துக்கு முன்னாடி சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது. ஏற்புரையில எழுது. நான் போறேன்னு எழுது."

"நீங்க போனா?"

"கரும்புக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத் தாய் தகப்பனும் அங்க இருப்பாங்க. இனிமே இன்னார்கிட்ட விட்டுட்டுப் போங்கன்னு அவங்களுக்கு ஆளைக் காட்டணும்ல? அதையும் எழுது."

"இன்னார்னா யாரு?"

அக்கோரு என்னைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை அது. பேடா என் கையில் பிசுபிசுத்தது.

"ஐயோ அக்கோரே! நான் எழுதறவ. இந்த வேலையெல்லாம் எனக்கு வராது."

"நானும் அதைத்தான் சொன்னேன்," என்றார்.

5

ஆகவே முடிவுகள். எழுதிப் பார்த்ததை எல்லாம் உங்களிடம் காட்டிவிடுகிறேன்.

முதல் முடிவு: மாலை விழுகிறது, கைதட்டல் ஓயவில்லை, அக்கோரு நாற்காலியிலேயே கண்ணை மூடுகிறார். எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைக்கிறார்கள். நர்ஸாகப் போன மாணவி ஓடிவந்து நாடி பிடித்துப் பார்க்கிறாள்.

(ச்சீ. என் கையையே உடைக்க வேண்டும். எழுதும்போது எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? சாகடிப்பது மாதிரி சுலபமான வேலை வேறில்லை.)

இரண்டாவது: அவர் மேடையிலேயே விடைபெறுகிறார். விஜயபுரத்து வீட்டில் ஜன்னல் பக்கம் மேஜை. வேப்பமரம். முப்பது வருடத்துக்குப் பிறகு வெள்ளைத் தாளில் முதல் வரியை எழுதுகிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. டீ குடிக்கும்போது அவரிடமே வாய்மொழியாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது.

"எழுதவா? நான் எழுதப் போறேன்னு யாரு சொன்னா?"

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"தூங்க. ஏ சம்பா, யாரையும் காப்பாத்தாம ஒரே ஒரு சாயங்காலம் வேணும் எனக்கு. மத்தியானம் படுத்தா, போன் அடிக்குமோன்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுக்கக் கூடாது. அவ்ளோதான். இதுக்குப் போயி வேப்பமரம் எதுக்கு?"

(அந்த வேப்பமரத்தை வெட்டினேன்.)

மூன்றாவது முடிவு அங்கடி சாவ்காருக்குப் பிடித்திருக்கும். "நான் போகிறேன்" என்று ஏற்புரை வாசிக்கப்படுகிறது. கூட்டம் உறைந்துபோகிறது. விடுதிப் பிள்ளைகள் மேடையேறி அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு "போகாதீங்க அக்கோரே" என்று அழுகின்றன. அவர் அழுகிறார். நான் அழுகிறேன். அவர் இருந்துவிடுகிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நிஜமாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல முடிவு போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்புறம்தான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் சாகிறார். ஒன்றில் எழுதப் போகிறார். ஒன்றில் இருந்துவிடுகிறார். மூன்றிலும் என் பேச்சே இல்லை. அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்கார்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை. சம்பா என்று ஒருத்தி இந்தக் கதையில் இருந்தாளே, முடிவு வந்ததும் ஆளைக் காணோம்.

என்னிடமும் பாதியில் நிற்கிற நாவல் ஒன்று இருக்கிறது, ஐயா. புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் ஆரம்பித்து ஏழாவது அத்தியாயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அக்கோரு அந்த நாற்காலியில் இருக்கும்வரை நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதற்கு நாலு வரி எழுதலாம். அவர் எழுந்தால் நான் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் எழுதினதாகச் சரித்திரம் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

6

விழா மேடை. கரும்புத் தோகையில் தோரணம். பிரார்த்தனைப் பாட்டு, வரவேற்புரை, அறிமுக உரை, அறிமுக உரைக்கு ஓர் அறிமுகம். பேசினவர்கள் எல்லோரும் அக்கோரைப் பற்றி ஒரு வாக்கியமும் தங்களைப் பற்றி மீதியும் பேசினார்கள். மாலை மேல் மாலையாக விழுந்து அக்கோரின் மூக்குக் கண்ணாடி மட்டும் வெளியே தெரிகிறது. கீழே தரையில் கரும்புக்குப் புறப்பட நிற்கிற ஜனம், மடியில் பிள்ளைகளோடு. என் கையில் இரண்டு தாள்கள். ஒன்றில் 'இருக்கிறேன்', இன்னொன்றில் 'போகிறேன்'. மைக் முன்னால் போய் நிற்கிறேன். "எல்லோருக்கும் வணக்கம். நான் தானேஸ்வரி ஹூகார்" என்று ஆரம்பிக்கிறேன். அடுத்த வரி

இல்லை. இது பொய். விழா நாளைக்குத்தான் என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேனே. நடக்காததை நடந்த மாதிரி எழுதி, ஒரு வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, 'முடிவு உங்கள் கையில்' என்று கும்பிடு போட்டுவிட்டு நழுவப் பார்த்தேன். இதே வித்தையை அந்தக் காலத்தில் அக்கோரும் செய்தார், ஒரு பிள்ளையைத் தெருவில் நிறுத்திவைத்து. பின்வரிசையில் ஒரு கை உயர்வது எனக்கே தெரிகிறது. அக்கோரு அன்னிக்கு எங்க படுத்தாங்க, தாயி?

7

சரி, இப்போது நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

மத்தியானம். விஜயதசமி போன இரண்டாம் நாள். இங்கே தசராவுக்கு வன்னி இலை பரிமாறிக்கொள்வார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் கையில் இலையை வைத்து, "வன்னி வாங்கிக்கோங்க, பொன்னு மாதிரி இருப்போம்" என்று சொல்லிக் காலைத் தொடுவார்கள். அந்த வருடத்துச் சண்டை எல்லாம் அதோடு தீர்ந்தது. புறப்படுவதற்கு முன்னால் எல்லோரும் அக்கோருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; காலையிலிருந்து கூட்டம். மேஜை பூராவும் இலை. கடைசியாக வந்த ஒரு தாய் தன் மகளை முன்னால் தள்ளி நிறுத்தினாள்.

"இவளுக்கு வெங்காயம் ஆகாது அக்கோரே. ராத்திரி ஒண்ணுக்கு எழுப்பி விடணும்."

"சரிம்மா."

"நீங்க இருப்பீங்கல்ல?"

அக்கோரு அந்தப் பிள்ளையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தார். "புள்ளையை விட்டுட்டுப் போ. நல்லா பாத்துக்குவாங்க," என்றார். பாத்துக்குவேன் என்று சொல்லவில்லை. அந்தத் தாய் அதைக் கவனிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

அவர்கள் போனதும் அக்கோரு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன எழுதற? ஏற்புரையா?"

"கதை. தமிழ்ல."

"என்னைப் பத்தியா?"

"ஆமா."

"நான் போறேனா அதுல?"

"இன்னும் முடிக்கல அக்கோரே."

"முடிக்காம விட்டா நான் எங்க இருப்பேன்?"

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பிறகு மேஜைக் குவியலிலிருந்து ஒரு வன்னி இலையை எடுத்து என் கையைப் பிரித்து வைத்தார். சின்னவர்தான் பெரியவருக்கு முதலில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை.

"அக்கோரே, மாத்திக் குடுக்கறீங்க."

"தெரியும். வாங்கிக்க. பொன்னு மாதிரி இருப்போம்."

"என்னால முடியாதுன்னா?"

"முடியாதுன்னா அதை மேடையில நீயே படி. என் பேர் சொல்லித்தானே படிப்ப. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பில்லாத குரல். "உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் இல்லை சம்பா. என்னையும் யாரும் கட்டாயப்படுத்தல. ஒரு சீசன்தான்னு நானேதான் சொன்னேன்."

அப்புறம் தலையைச் சுவரில் சாய்த்தார். நான் இந்தப் பத்தியின் முதல் வரியை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. பட்டப்பகலில், அடுப்படியில் பாத்திரச் சத்தமும் பிள்ளைகள் கூச்சலுமாக இருக்கிற ஆபீசில், காதைத் தீட்டிக்கொள்ளாமல் தூங்குகிறார். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டுகிறது. இப்படி ஒரு தூக்கத்துக்கா இத்தனை வருடம்!

சாவ்கார் கேட்டால் சொல்வேன்: இங்கேதான் படுத்தாங்க. இதுவரைக்கும் தெரியும்.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

டெலிபோன் அடிக்கிறது.

அக்கோரின் புருவம் அசைகிறது. கண் திறக்கவில்லை. இரண்டாம் மணி. எட்டி எடுத்துப் பார்த்தேன். வயர் இழுக்கிறது, கருவி மேஜை விளிம்புக்கு வருகிறது, வன்னி இலைகள் கீழே சிந்துகின்றன. மூன்றாம் மணி. அவர் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடிக்கின்றன, எழுந்துகொள்ளப் போகிறவர் மாதிரி.

ஓடிப்போய் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எடுத்துவிட்டேன்.

எங்கேயோ கரும்புக் காட்டோரம், டிராக்டர் சத்தத்துக்கு நடுவில், எல்லோருக்கும் முன்னாடியே புறப்பட்டுப் போன ஒரு பெண் கத்துகிறாள். "அக்கோரே? அக்கோரே! நீங்கதானே? என் பொண்ணு அழுதாளா? அக்கோரே, இருக்கீங்களா?"

ஒரு கையில் ரிசீவர். இன்னொரு கையில், வாங்கிக்கொண்டதும் இல்லாமல் திருப்பிக் கொடுத்ததும் இல்லாமல், கசங்கிப்போன அந்த இலை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து இந்த அறையைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. இங்கிருந்து பார்த்தால் வாசல் தெரிகிறது, விடுதி தெரிகிறது, எதிரில் அவர் தூங்குவது தெரிகிறது.

நாளை மேடையில் என்ன படிப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தாய் நாளை வரைக்கும் காத்திருக்க மாட்டாள். காசு செலவழித்துப் பேசுகிறாள். நீங்கதானே என்று கேட்கிறாள். தமிழ் தெரியாதவள்தான், இருந்தாலும் பரவாயில்லை, இதைப் படிக்கிற நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.

சத்தம் போடாமல் சொல்லுங்கள். தூங்குகிறார்.